நண்பர்கள் கூடினாலே நோய்ப் பேச்சு: அதை எப்படிப் பேசுவது?

எழுதியவர்: ஆயர் ஈத்தாம் ஆசிரியர், பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் ஒரே இடைநிலைப்பள்ளியில் படித்த நாங்கள் சிலர், பணி ஓய்வுக்குப் பிறகு மீண்டும் ஒன்றுசேர்ந்தோம். எல்லாருக்கும் அறுபத்தைந்தை ஒட்டிய வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்மலைக்கு அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு, உணவகம் ஒன்றில் அமர்ந்து பசியாறுவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டதால் வீட்டில் வாரத்தின் மற்ற நாள்கள் பேச்சுத்துணையின்றியே கழிகின்றன. அதனால் இந்தச் சந்திப்பை நாங்கள் அனைவரும் எதிர்பார்த்துக் காத்திருப்போம்.

சில காலமாக அங்கே நடக்கும் பேச்சு முழுவதும் நோயைப் பற்றியதாகவே ஆகிவிட்டது. தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மேசைக்கு வருவதற்குள் ஒருவர் தம் சர்க்கரை அளவைச் சொல்லிவிடுகிறார். அடுத்தவர் தம்முடையது அதைவிடக் குறைவு என்கிறார். மூன்றாமவர், முழங்கால் வலிக்கு மருத்துவர் என்ன சொன்னார், தாம் அதை ஏன் கேட்கவில்லை என்பதை விளக்கத் தொடங்குகிறார். இந்தப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம்மவர்கள் நான்கு பேர் கூடினால் அவர்களில் ஒருவராவது மாத்திரைப் பெட்டியோடுதான் வருவார்.

ஆனால் இரண்டு செய்திகள் என் மனத்தை அரிக்கின்றன. எங்களுள் மிகுதியாகப் பேசக்கூடிய நண்பர் ஒருவர், “எப்போது பார்த்தாலும் மருந்து, மருத்துவமனை, எனக்கு அலுத்துவிட்டது” என்று கூறிவிட்டு வருவதையே நிறுத்திக்கொண்டார். நிறுத்துவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே மேசையின் ஓரத்தில் வாய் திறக்காமல் அமர்ந்திருந்தார். ஏதாவது கேட்டால் பொருத்தமில்லாத பதிலொன்றைச் சொல்லிச் சிரித்துவிடுவார். இப்போது தொலைபேசியில் அழைத்தாலும் இரண்டு வார்த்தைகளோடு முடித்துக்கொள்கிறார்.

மற்றொரு நண்பர் தம் உடல்நிலையைப் பற்றி வாயே திறப்பதில்லை. எல்லாருடைய கதையையும் கேட்டுக்கொள்வார். தம்மைப் பற்றிக் கேட்டால், “எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பார். அவருக்குச் சிறுநீரகம் பலவீனமடைந்து வருவதாக மருத்துவர் கூறியிருப்பதை அவருடைய மனைவி என் மனைவியிடம் கவலையோடு சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

நோயைப் பற்றிய பேச்சுக்கு நாங்கள் ஏதேனும் வரம்பு வைத்துக்கொள்ள வேண்டுமா? மறைப்பவரிடம் நானாகப் போய்ப் பேசலாமா, அல்லது அவராகச் சொல்லும்வரை காத்திருப்பதுதான் நட்புக்கு அழகா? இந்த வயதில் உள்ளவர்களும், இத்தகையவர்களைக் கவனித்துக்கொண்டவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்

ஐயா, வணக்கம். அரசாங்க மருத்துவமனை வார்டுகளிலும், பிறகு சுகாதார கிளினிக் ஒன்றின் நீரிழிவுப் பிரிவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். நண்பர்கள் நோயைப் பற்றிப் பேசுவது நல்லதே. கிளினிக்கில் எங்களிடம் சொல்லாததைப் பலர் நண்பர்களிடம்தான் முதலில் சொல்வார்கள். பேசுவது அரைகுறையாக இருக்கும்போதுதான் தீங்கு வருகிறது.

உங்கள் மேசையில் நடக்கும் எண் ஒப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் “எனக்கு ஏழு” என்கிறார், மற்றவரும் “எனக்கும் ஏழுதான்” என்கிறார். முன்னவர் சொன்னது இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவாக இருந்தால், நீரிழிவு உள்ள பெரியவர் ஒருவருக்கு அது நல்ல கட்டுப்பாடு. பின்னவர் சொன்னது காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் அளவாக இருந்தால், அதே ஏழு, நீரிழிவு இருப்பதாக முடிவுசெய்யும் எல்லைக்கோடு. இருவரும் ஒரே நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவரவர் வழியில் ரொட்டி சானாய்க்குத் திரும்பிவிடுவார்கள். மேலும், வயது கூடியவர்களுக்கும், சர்க்கரை அடிக்கடி தாழ்ந்து மயக்கம் வருபவர்களுக்கும் மருத்துவர்கள் வேண்டுமென்றே இலக்கைத் தளர்த்தி வைப்பார்கள். அப்படித் தளர்த்தப்பட்டவர் நண்பரின் எண்ணைப் பார்த்து வெட்கப்பட்டு உணவைக் குறைத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினால், விடியற்காலையில் உடல் வியர்த்து நடுங்கிக் கீழே விழுவார். எண்ணைச் சொல்வதானால் அது எந்தப் பரிசோதனையின் எண், எப்போது எடுத்தது, அதைப் பார்த்து மருத்துவர் என்ன சொன்னார் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து நான் மிகவும் அஞ்சுவது மாத்திரைப் பரிமாற்றத்தை. முழங்கால் வலி என்று ஒருவர் சொன்னால் உடனே மற்றவர் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டுவது நம்மிடையே சாதாரணம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கும், இரத்தக் கொதிப்புக்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை எடுப்பவருக்கும் அவை மிகவும் ஆபத்தானவை. உங்கள் நண்பர் தம் சிறுநீரக நிலையை மறைத்துக்கொண்டு அதே மேசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கும் ஒரு நாள் யாராவது அன்போடு ஓர் அட்டையை நீட்டுவார்கள். அவரிடம் பேச வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

மூலிகைப் பொடிகளும் அப்படித்தான். மூட்டு வலி ஒரே வாரத்தில் பறந்துவிடும் என்று விற்கப்படும் பொருள்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. வலி விரைவாகக் குறைவதும், முகம் உப்புவதும், சர்க்கரை காரணமின்றி ஏறுவதும் ஒன்றாக வந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பதிவுசெய்யப்பட்ட மருந்துகளின் பெட்டியில் ‘மால்’ (MAL) என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணும், ஒளிரும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். இல்லாதவற்றை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நண்பரிடம் பேசுவதற்கு முன் அவருடைய மனைவியின் சம்மதத்தைக் கேளுங்கள். அவர் உங்கள் மனைவியை நம்பிச் சொன்னது அது. அவர் சம்மதிக்காவிட்டாலும், வலி மாத்திரையைப் பற்றி நான் மேலே எழுதியதை எல்லாரிடமும் பொதுவாகச் சொல்லிவிடலாம். அதைக் கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார்.

மறுமொழி: செந்தூல்வாசி

ஐயா, உங்கள் நண்பரின் இடத்தில் இருப்பவன் நான். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை போகிறேன். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருப்பேன். சிறுநீரகம் பழுதடைவது தெரிந்த பிறகும் நீண்ட காலம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது உங்களுக்குப் பயன்படக்கூடும்.

சொன்ன மறுநாளே மனிதர்கள் நம்மைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்பதுதான் காரணம். அதுவரை பணத்துக்கும் யோசனைக்கும் என்னிடம் வந்தவர்கள், சொன்ன பிறகு என் எதிரிலேயே என் மகனிடம், “அப்பா சாப்பிடுகிறாரா?” என்று கேட்டார்கள். திருமணப் பேச்சுக்கும் கோயில் கூட்டத்துக்கும் அழைப்பது நின்றது. களைத்துப் போவேன் என்று அவர்களாகவே முடிவுசெய்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம் வைத்தியம். வந்தவர் ஒவ்வொருவரும் ஒன்றைக் கொண்டுவந்தார். உடல் சூடு தணியட்டும் என்று இளநீர், சிறுநீரகக் கல் கரையும் என்று பூனைமீசை இலை, இரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழச்சாறு. சிறுநீரகம் செயலிழந்தவனுக்கு இளநீரிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். பெலிம்பிங் அதைவிடக் கொடியது. அதிலுள்ள நச்சு வெளியேற வழியில்லாமல் மூளைக்கு ஏறி விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும், சிலர் இறந்தும் இருக்கிறார்கள். கொண்டுவந்தவர்கள் எல்லாரும் என்மீது உண்மையான அன்பு வைத்தவர்கள். அந்த அன்புக்கு முன்னால், “இது எனக்கு ஆகாது” என்று சொல்லிச் சொல்லியே சலித்துப்போனேன்.

எனக்குத் துணையாக நின்றவர் ஒரே ஒருவர். அவர் நோயைப் பற்றி விசாரிக்கவே இல்லை, “உனக்கு எந்தெந்த நாள் சிகிச்சை?” என்று மட்டும் கேட்டார். செவ்வாய், வியாழன், சனி என்றேன். சனிக்கிழமைதோறும் கூடிக்கொண்டிருந்த எங்கள் குழுவை அவர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார். ஊசி ஏற்றுவதற்காக என் இடக்கையில் இரத்தக் குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, யாரும் அதைப் பிடித்து இழுக்கவும் கூடாது. அவர் எப்போதும் என் இடப்பக்கத்தில் வந்து அமர்ந்துகொள்வார். கூட்டத்தில் யாராவது தோளைத் தட்ட வந்தால் அவருடைய தோள்தான் முதலில் இருக்கும். இதை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆகவே, உங்கள் நண்பரிடம் போங்கள், தனியாகப் போங்கள். “உனக்குச் சிறுநீரகக் கோளாறாமே” என்று தொடங்காதீர்கள். கிளினிக்குப் போகும் நாளில் காரில் கொண்டுபோய் விட வரலாமா என்று கேளுங்கள். சிறுநீரகம் தளர்வதை ஆரம்பத்திலேயே கவனித்தால், இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்து, நான் வந்து சேர்ந்த நிலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட முடியும். அவருக்கு இன்னும் அந்த நேரம் இருக்கிறது.

மறுமொழி: பாகான் அக்காள், பட்டர்வொர்த்

சகோதரர்களே, ஆண்களின் மேசையில் சர்க்கரை அளவு பேசப்படுகிறது. எங்கள் பெண்கள் குழுவில் பேசப்படுவது வேறு. வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் பாடும் எங்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். சிலர் அடுக்குமாடி வீட்டில் தனியாகவே இருக்கிறோம். சாவைப் பற்றிய பயம் எங்களில் பலருக்கு இல்லை. படுத்த படுக்கையாகி, பிள்ளைகளின் வேலையையும் குடும்பத்தையும் நிறுத்தி வைத்துவிடுவோமோ என்பதுதான் பயம். அதை முதன்முதலில் ஒரு தோழி வாய்விட்டுச் சொன்னபோது மற்ற எல்லாரும் தலையாட்டினோம். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் அந்த நினைப்பு என்று எண்ணியிருந்தாள்.

அந்தப் பேச்சிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம் வந்தது. காலை எட்டு மணிக்குள் ஒவ்வொருவரும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரு வணக்கம் அனுப்ப வேண்டும். ஒன்பது மணிவரை வராவிட்டால் அருகில் இருப்பவர் அழைப்பார். எடுக்காவிட்டால் நேரில் போவார். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். பூப்படமும் பொன்மொழியும் அனுப்புவதைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். எங்களுக்கு அது வருகைப் பதிவேடு.

குளியலறையில் விழுந்து எழ முடியாமல் கிடந்த தோழி ஒருத்தியை அப்படித்தான் கண்டுபிடித்தோம். இரவில் சிறுநீர் கழிக்கப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தபோது கண் இருட்டியிருக்கிறது. பிறகு கிளினிக்கில் படுக்கவைத்து ஒரு முறையும் நிற்கவைத்து ஒரு முறையும் இரத்த அழுத்தம் பார்த்தபோது, நின்றவுடன் அழுத்தம் வெகுவாக இறங்குவது தெரிந்தது. மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றினார். அதற்கு முன்பு பல மாதங்களாக அவளுக்குத் தலைசுற்றல் இருந்தது. “வயதானால் அப்படித்தான்” என்று எங்களிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. வயதானால் அப்படித்தான் என்ற அந்த வாக்கியத்தைப் போல எங்கள் வயதினருக்குக் கேடு செய்வது வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மூட்டு வலி, மறதி, மூச்சிரைப்பு, இரவில் பலமுறை எழுவது என எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதிலைச் சொல்லி மூடிவிடுகிறோம். நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் களைப்பாகவும் வியர்வையாகவும் மாரடைப்பு வரலாம் என்பதை நாம் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்?

ஐயாவின் கேள்விக்கு வருகிறேன். வரம்பு வேண்டியதில்லை, ஆனால் பேச்சு ஏதாவது ஒரு காரியத்தில் முடிய வேண்டும். நாங்கள் ஒவ்வொருவரும் எடுக்கும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், கிளினிக் அட்டை எண், பிள்ளைகளின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் பிள்ளைகளிடம் பேசத் தொடங்கியிருக்கிறோம். முதலில் பிள்ளைகள் கேட்கவே மறுத்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஹோஸ்பிஸ் மலேசியா அமைப்பினர் 1991ஆம் ஆண்டிலிருந்து நோயாளியின் வீட்டுக்கே சென்று வலி தணிக்கும் பராமரிப்பைச் செய்துவருவதை ஒரு தோழியின் அண்ணனுக்காக நேரில் பார்த்த பிறகுதான், அந்தப் பேச்சு எங்களுக்கு எளிதாயிற்று. வலியில்லாமல், தம் கட்டிலில், தம் மக்களோடு ஒருவர் இருந்துவிட்டுப் போக முடியும் என்று அன்று கண்ணால் கண்டோம்.

மறுமொழி: தித்திவங்சா தாத்தா, கோலாலம்பூர்

எனக்கு எழுபத்தைந்து கடந்துவிட்டது. மேலே எழுதியவர்களின் கருத்துகளை மதிக்கிறேன், ஆனால் வராமல் நின்றுபோன நண்பரைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

ஆசிரியர் ஐயா எழுதியதை மறுபடியும் படித்துப் பாருங்கள். நிறையப் பேசுகிறவர் பேச்சை நிறுத்தினார். மேசையின் ஓரத்தில் அமர்ந்தார். கேட்டதற்குப் பொருந்தாத பதில் சொல்லிச் சிரித்தார். தொலைபேசியில் சுருக்கமாக முடித்துக்கொள்கிறார். நோய்ப் பேச்சு அவருக்கு அலுத்திருக்கலாம். ஆனால் எனக்குத் தோன்றுவது, அவருக்குக் காது கேட்கவில்லை. காதுக்கருவி அணிவதற்கு முன் நானும் அப்படித்தான் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஏதாவது ஒரு காரணம் சொல்லி விலகினேன்.

வயதில் வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவாகக் குறைப்பதில்லை. கூர்மையான மெய்யெழுத்து ஒலிகள் முதலில் போகும்; குரல் கேட்கும், சொல் புரியாது. அமைதியான வீட்டில் மனைவியோடு பேசும்போது குறை தெரியாது. மின்விசிறி சுழலும், தட்டுகள் மோதும், தொலைக்காட்சி அலறும், பரிமாறுபவர் சமையலறையை நோக்கிக் குரல் கொடுக்கும் உணவகத்தில், ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு வாக்கியமும் முழுதாக வந்து சேராது. “என்ன சொன்னாய்?” என்று கேட்டுக் கேட்டுக் கூசிப்போய், பிறகு எல்லாரும் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து வருவோம்.

இது சிறிய குறை என்று யாரும் விட்டுவிடக் கூடாது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கு வழிவகுக்கும் காரணங்களுள் நாம் மாற்றக்கூடியவை என்று பதினான்கைக் கணக்கிட்டுள்ளது. கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு அவற்றில் ஒன்று. பிறரோடு பழகாமல் ஒதுங்கி வாழ்வது மற்றொன்று. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அந்தப் பட்டியலிலேயே உள்ளன. காது கேளாமையால் நண்பர் ஒதுங்குகிறார் என்றால் அந்தப் பதினான்கில் இரண்டு அவரிடம் சேர்ந்துவிடுகின்றன.

நோய்ப் பேச்சுக்கு வரம்பு வேண்டும் என்பதும் என் கருத்து. பாகான் சகோதரி மன்னிக்க வேண்டும். முதுமை என்பது நோய்களின் தொகுப்பு மட்டும் என்று நாமே நினைக்கத் தொடங்கிவிட்டால் பேரப்பிள்ளைகளும் நம்மை அப்படித்தான் பார்ப்பார்கள். நாங்கள் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் நடந்து முடித்ததும், கையை ஊன்றாமல் இருக்கையிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருகிறோம். அதற்குப் பதினைந்து விநாடிகளுக்கு மேல் பிடித்தால் கால் தசை வலுவிழந்து வருகிறது என்று பொருள். முதல் முறை எங்களில் சிலருக்கு அது முடியவில்லை. முட்டையும் பருப்பும் மீனும் கூடுதலாகச் சேர்த்து, வீட்டில் நாற்காலியிலேயே பயிற்சி செய்து இப்போது முடிகிறது. சிறுநீரகக் குறை உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பயிற்சி முடிந்த பிறகு உடம்பைப் பற்றிப் பேச்சில்லை. ஒருவர் தாம் வளர்க்கும் கம்பத்துக் கோழிகளைப் பற்றிச் சொல்வார், ஒருவர் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அனுபவத்தைச் சொல்வார். எனக்கு இந்த வயது பிடித்திருக்கிறது, ஐயா. இளமையில் எனக்குக் கிடைக்காத நேரம் இப்போது என் கையில் இருக்கிறது.

மறுமொழி: ஆயர் ஈத்தாம் ஆசிரியர்

பொறுமையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. தித்திவங்சா ஐயா எழுதியதைப் படித்ததும் அந்த நண்பரின் வீட்டுக்குப் போனேன். வரவேற்பறைத் தொலைக்காட்சியின் ஒலி வாசல்வரை கேட்டது. அவருக்கு எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினேன். அவரும் பழையபடி பேசினார். புறப்படும் நேரத்தில், “அந்த உணவகம் வேண்டாம், வேறெங்காவது உட்காருவோம்” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வரும் ஞாயிறு முதல் வீட்டிலிருந்து இட்டிலியும் தேநீரும் கொண்டுபோய்ப் பூங்காவிலேயே பசியாறுவது என்று மற்றவர்களிடம் பேசி முடிவுசெய்திருக்கிறோம்.

சிறுநீரகக் குறையுள்ள நண்பரிடம் செந்தூல் அண்ணன் சொன்ன வழியில்தான் போனேன். அவருடைய மனைவியிடம் முதலில் கேட்டுக்கொண்டேன். கிளினிக்குக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதும் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதத் தேதியைச் சொன்னார். வலி மாத்திரையைப் பற்றித் தாதி அம்மா எழுதிய பத்தியை எங்கள் புலனக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். முழங்கால் வலிக்காரர் தம்மிடமிருந்த அட்டையை மருந்தகரிடம் காட்டிக் கேட்கப்போவதாக எழுதியிருக்கிறார்.

தாதி அம்மாவிடம் ஒரு கேள்வி: காதுப் பரிசோதனைக்கு நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகலாமா, அல்லது முதலில் வேறெங்காவது காட்ட வேண்டுமா? அவர் ஒரு முறை அலைந்துவிட்டுத் திரும்பினால் மறுமுறை வரமாட்டார்.

மறுமொழி: ஓய்வுபெற்ற தாதி, கோலாலம்பூர்

முதலில் அவருடைய வட்டாரத்துச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள், ஐயா. அங்கே காதுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்ப்பார்கள். நம் வயதினர் பலருக்கு மெழுகு இறுகி அடைத்திருப்பதே பாதிக் காரணமாக இருக்கும். அதை எடுத்தாலே ஓரளவு கேட்கும். அடைப்பு இல்லையென்றால் பொது மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார்கள். செவித்திறன் சோதனை அங்கே நடக்கும். அந்தக் கடிதம் இல்லாமல் நேரே போனால்தான் அலைச்சல். அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் சில மருந்துகளும் காதைப் பாதிக்கும். ஒரே காதில் திடீரென்று கேட்காமல் போனதாக அவர் சொன்னால் மட்டும் முறைநாளுக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதற்குச் சிகிச்சை தொடங்கும் நாள் தள்ளிப்போகப் போகக் குணமாகும் வாய்ப்பு குறையும்.

கருவி கொடுத்தால் முதல் நாளே பூங்காவுக்கு அணிந்து வரச் சொல்லாதீர்கள். தொடக்கத்தில் தட்டு வைக்கும் ஓசைகூட அதட்டலாகக் கேட்கும், பலர் அந்த வாரத்திலேயே கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். வீட்டில் நாளுக்குச் சிறிது நேரமாக அணிந்து பழகட்டும். அப்போது அவரோடு பேசிப் பழக ஒருவர் வேண்டும். வாரத்தின் நடுவில் ஒரு மாலை நீங்கள் போய் அமர்ந்தால் போதும்.